‘பேனல் போச்சு’ என்றதும் நம்பிவிடாதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிவியைப் பற்றித்தான். அதிலும் பலருக்கு ஒரே புலம்பல்: “கடைக்காரர் பேனல் போச்சுன்னு சொல்லிட்டார்.” ஒரு எல்சிடி டிவியில் விலை கூடின பாகமே பேனல்தான், அதாவது படம் தெரிகிற கண்ணாடித் திரை. அது நிஜமாகவே போயிருந்தால் புது டிவி வாங்குவதுதான் லாபம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் இவற்றில் பேனல் போனது ஒன்றுதான். மற்றதெல்லாம் சில்லறைச் செலவில் முடிகிற சமாச்சாரம். சிலவற்றுக்கு அந்தச் செலவுகூட இல்லை.

கேள்வி: 32 இன்ச் எல்இடி டிவி, வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் போய்விட்டது, சத்தம் மட்டும் வருகிறது. அணைத்துவிட்டுப் போட்டால் ஒரு வினாடி வெளிச்சம் வந்து மறுபடி இருட்டாகிவிடுகிறது. பேனல் போச்சு, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: கொடுத்துவிடாதீர்கள். இன்றைக்கு ராத்திரி ஹாலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு டிவியை மட்டும் போடுங்கள். செல்போன் டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போல, கொஞ்சம் சாய்வாகப் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். வெளிச்சம் விழுகிற இடத்தில் ஆள் அசைவதோ சேனல் பெயரோ நிழல் மாதிரி மங்கலாகத் தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் பேனல் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் விளக்குதான் போயிருக்கிறது.

எல்சிடி திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் படம். அந்த வெளிச்சத்தைக் கொடுப்பது பேக்லைட். எல்இடி டிவி என்று நாம் சொல்வதும் இதே எல்சிடிதான், பின்னால் டியூப்புக்குப் பதிலாக எல்இடி விளக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். 32 இன்ச் செட்டில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நீளப் பட்டைகள் இருக்கும், ஸ்ட்ரிப் என்பார்கள், ஒவ்வொன்றிலும் வரிசையாக எல்இடி மணிகள். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற பழைய சீரியல் செட்டில் ஒரு பல்ப் போனால் வரிசையே அணையுமே, அதே கதைதான் இங்கேயும். ஒரே ஒரு மணி போயிருக்கும், மீதி எல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் திரை முழுக்க இருட்டு. நீங்கள் சொல்கிற அந்த ஒரு வினாடி வெளிச்சமும் இதற்குப் பொருந்துகிறது: விளக்கை எரியவைக்கும் சர்க்யூட் கரன்ட் அனுப்பிப் பார்க்கிறது, வரிசையில் ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் பாதுகாப்புக்காகத் தானே நிறுத்திக்கொள்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாமா என்றால், ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழக்கமும் பொறுமையும் இருந்தால் பார்க்கலாம், ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு, கட்டிலில் மெத்தென்ற போர்வையை விரித்துத் திரையைக் குப்புறக் கிடத்துங்கள். மூடியைக் கழற்றியதும் பவர் சப்ளை போர்டில் கட்டை விரல் மாதிரி பெரிய கண்டென்சர் ஒன்று தெரியும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்க வாய்ப்புண்டு, அதனால் அந்தப் போர்டில் கை படவே வேண்டாம். அப்புறம் ரிப்பன் கேபிள்களைக் கழற்றி, முன் சட்டத்தை எடுத்து, பேனல் கண்ணாடியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து அலுங்காமல் தூக்க வேண்டும். அந்தக் கண்ணாடி இரண்டு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதன் ஒரு விளிம்பில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன ஃபிலிம் துண்டுகள் தொங்கும். அதில் ஒன்று மடிந்தாலோ கிழிந்தாலோ அன்றைக்குத்தான் நிஜமாகவே பேனல் போகும்! கடைகளில்கூட இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே விழுகிற தூசி கடைசிவரை திரையில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வெள்ளைத் தாள்களை எந்த வரிசையில், எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அப்படியே எடுத்து அப்படியே வைக்க வேண்டும், எடுக்கும்போதே செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்ட்ரிப் தெரியும். ஒவ்வொரு மணியின் மேலும் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு லென்ஸ் இருக்கும். உற்றுப் பார்த்தால் போன மணியின் மஞ்சள் நடுவில் மிளகு அளவுகூட இல்லாத ஒரு கறுப்புப் பொட்டு பெரும்பாலும் கண்ணில் படும். படவில்லையென்றால் ஒரு 9 வோல்ட் பேட்டரியோடு 470 ஓம் ரிசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்து, ஒவ்வொரு மணியின் இரு முனையிலும் வைத்துப் பாருங்கள். பிளஸ் மைனஸ் மாற்றியும் வைத்துப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் நல்லது, எப்படி வைத்தாலும் எரியாதது போனது.

ஒரு மணியை மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லா மணியும் ஒரே சூட்டில் ஒரே காலம் எரிந்தவை, இன்றைக்கு ஒன்று போனால் இரண்டு மாதத்தில் பக்கத்து மணி போகும், மறுபடி அந்தக் கண்ணாடியைத் தூக்கவேண்டி வரும். செட்டாக மாற்றிவிடுங்கள். 32 இன்ச்சுக்கு சில நூறு ரூபாய்தான். ஸ்ட்ரிப்பின் மேலேயே அச்சடித்திருக்கும் எண், மணிகளின் எண்ணிக்கை, நீளம், மணி 3 வோல்ட்டா 6 வோல்ட்டா, இந்த நான்கும் பொருந்தினால்தான் வாங்க வேண்டும். சென்னைக்கு வருகிறவர் யாராவது இருந்தால் ரிச்சி தெருவில் பழைய ஸ்ட்ரிப்பைக் கையில் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் ஏதாவது ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

புதுசு போட்ட பிறகு ஒரு வேலை: மெனுவில் ‘பேக்லைட்’ என்று தனியாக இருந்தால் அதை 60, 70-க்கு இறக்கிவிடுங்கள். ‘பிரைட்னஸ்’ என்பது பல செட்டில் வேறு விஷயம், அதைக் குறைத்தால் படம்தான் கறுக்கும், விளக்கின் சூடு குறையாது. கடையில் காட்சிக்கு வைக்கிற பளிச் நிலையிலேயே வீட்டிலும் ஓட விடுவதுதான் இந்த மணிகளுக்கு எமன்.

கேள்வி: படம் நன்றாக வருகிறது, ஆனால் திரையில் அங்கங்கே நிலா மாதிரி வட்டமாக வெள்ளைத் திட்டு. நான்கு இருந்தது ஏழாகிவிட்டது. இதுவும் பேனலா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. மேலே சொன்னேனே கிண்ணம் மாதிரி லென்ஸ், அது சூட்டில் பசை விட்டு உதிர்ந்துவிட்டது. வெளிச்சத்தைப் பரப்ப ஆளில்லாமல் ஒரே இடத்தில் குத்துகிறது. உள்ளே லென்ஸ் உருண்டுகொண்டிருக்கும், செட்டைச் சாய்த்தால் கலகலவென்று சத்தம்கூடக் கேட்கலாம். திறந்து ஒட்டலாம், ஆனால் அதற்கும் அதே கண்ணாடியைத் தூக்கித்தான் ஆகவேண்டும். ஏழு உதிர்ந்த பிறகு ஒட்டிக்கொண்டிருக்காமல் ஸ்ட்ரிப்பையே மாற்றுவது மேல். படம் பார்க்க உறுத்தவில்லை என்றால் அப்படியே ஓட்டுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை.

கேள்வி: 2009-ல் வாங்கிய பழைய எல்சிடி, கனமான செட். சிவப்பு விளக்கு எரிகிறது, ரிமோட்டை அழுத்தினால் ‘டிக்… டிக்’ என்று சத்தம் மட்டும். கால் மணி நேரம் விடாமல் அழுத்தினால் படம் வந்துவிடுகிறது, வந்த பிறகு ராத்திரிவரை ஒரு குறையும் இல்லை. மழைக்காலத்தில் இன்னும் மோசம். அப்பா பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினால் வரும் என்கிறார்.
– ஒரு வாசகர், கோவை

பதில்: முதலில் அப்பாவைத் தட்டவேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பழக்கம் பிக்சர் டியூப் காலத்தது. அரசு கொடுத்த இலவச கலர் டிவி வரைக்கும் அது செல்லுபடியானது, உள்ளே லூசான ஈயப்பற்று தட்டினால் ஒட்டிக்கொள்ளும். எல்சிடியில் தட்டினால் கண்ணாடிதான் விரிசல் விடும்.

உங்கள் செட்டின் நோய் கண்டென்சர். ‘டிக்’ என்பது ரிலே என்கிற ஸ்விட்சின் சத்தம், பவர் சப்ளை எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்துவிடுகிறது. எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சருக்குள் இருக்கும் திரவம் வருஷக்கணக்கான சூட்டில் வற்றிப்போகும். செட் குளிர்ந்திருக்கும்போது அது சுத்தமாக வேலை செய்யாது, திரும்பத் திரும்ப அழுத்தினால் கொஞ்சம் சூடேறி வேலைக்கு வரும். மழைக்காலத்தில் மோசம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும் எனக்கு. 2000-களின் முதல் பாதியில் தரம் கெட்ட கண்டென்சர்கள் உலகம் முழுக்க கம்ப்யூட்டர் போர்டுகளைக் காலி செய்த கதையும் உண்டு, உங்களுடையது அதில் சேராது, இது வெறும் வயசு.

மூடியைத் திறந்து பவர் சப்ளை போர்டில் சின்ன உருளைகளைப் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். நல்ல கண்டென்சரின் தலை தட்டையாக, நடுவில் கீறின கோட்டோடு இருக்கும். கெட்டதன் தலை சூட்டில் உப்பின அப்பளம் மாதிரி லேசாகப் புடைத்திருக்கும், சிலதில் அந்தக் கீறல் வெடித்துப் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கும். 1000 மைக்ரோ ஃபாரட் 10 வோல்ட், 16 வோல்ட் ரகங்கள்தான் பெரும்பாலும் முதலில் போகும். மாற்றும்போது மைக்ரோ ஃபாரட் அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் அதேயோ அதற்கு ஒரு படி மேலேயோ இருக்கலாம், குறையக் கூடாது. 105 டிகிரி என்று அச்சடித்த, எஸ்எம்பிஎஸ்ஸுக்கென்று, அதாவது இந்த மாதிரி பவர் சப்ளைக்கென்று விற்கிற ரகமாகக் கேளுங்கள், சும்மா ஆம்ப்ளிஃபையருக்குப் போடுகிறதை வாங்கிப் போட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ். அதை மாற்றிப் பற்றவைத்தால் வெடிக்கும், கண்ணுக்கு நேராக வெடிக்கும்.

ஆனால் சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பெரிய கண்டென்சரை காலி செய்தே ஆகவேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு காலையும் சேர்த்துத் தொட்டு ‘பட்’ என்று பொறி பறக்கவிடுவது வீரம் இல்லை. பழைய 100 வாட் குண்டு பல்ப் ஹோல்டரில் இரண்டு ஒயர் இழுத்து, ஒயரின் காப்பிட்ட பகுதியைப் பிடித்து முனைகளை அந்தக் கால்களில் வையுங்கள். கரன்ட் இருந்தால் பல்ப் ஒரு கணம் மின்னி அணையும். அப்புறம் மல்டிமீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட்டில் வைத்துப் பார்த்து, சைபருக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் செட்டில் பேக்லைட் எல்இடி இல்லை, மெல்லிய டியூப்கள். அவற்றை எரிக்கிற இன்வெர்ட்டர் போர்டில் செட் ஓடும்போது ஆயிரம் வோல்ட்டுக்கு மேலேயும் வரும். திறந்து வைத்துக்கொண்டு ஓடவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள்.

கேள்வி: தெருவில் திடீரென்று எல்லார் வீட்டு பல்பும் பளிச்சென்று எரிந்தது. எங்கள் டிவி, பக்கத்து வீட்டு செட்டாப் பாக்ஸ், எதிர்வீட்டு சார்ஜர் எல்லாம் போய்விட்டது. டிவியில் சிவப்பு விளக்குகூட இல்லை. ஃபியூஸ் போயிருக்கிறது என்று பார்த்தேன், ஒயரில் இழை எடுத்துச் சுற்றிப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டவே வேண்டாம். கம்பத்தில் நியூட்ரல் அறுந்திருக்கும், 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரை ஏறியிருக்கும். ஃபியூஸ் தன் கடமையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. அதை எரித்தது யார் என்று கண்டுபிடிக்காமல் புது ஃபியூஸ் போட்டாலே அதுவும் போகும், ஒயர் இழை போட்டால் போர்டு எரியும்.

ஃபியூஸுக்குப் பக்கத்தில் நீலத்திலோ மஞ்சளிலோ ஐம்பது பைசா அளவில் வட்டமாக ஒரு வில்லை இருக்கும், எம்ஓவி என்று பெயர். வோல்டேஜ் எகிறினால் இது தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு ஃபியூஸை எரியவிட்டு மற்றதைக் காப்பாற்றும். உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் அது கரிந்தோ பிளந்தோ இருக்கும், பக்கத்தில் புகைக்கறை படிந்திருக்கும். அதையும் ஃபியூஸையும் மாற்றினால் செட் எழுந்துவிடலாம். ஃபியூஸின் உலோக முனையில் ‘டி 3.15 ஏ 250 வி’ என்கிற மாதிரி பொடி எழுத்து இருக்கும், முதல் எழுத்து ‘டி’ (T) என்றால் நிதானமாகப் போகிற ரகம், அதையும் கவனித்து அதே மாதிரி வாங்குங்கள். எம்ஓவியைப் பிடுங்கிவிட்டு அது இல்லாமலே ஓட்டிக் கொடுப்பவர்கள் உண்டு, ஓடும்தான், ஆனால் அடுத்த நியூட்ரல் கட்டுக்குக் குறுக்கே நிற்க ஆளிருக்காது.

மாற்றியதும் நேராக பிளக்கில் சொருகாதீர்கள். ஒரு குண்டு பல்பைத் தொடராக வைத்துக் கரன்ட் கொடுங்கள், சீரியல் லேம்ப் என்பார்கள், எந்த எலக்ட்ரீஷியனிடமும் இருக்கும். பல்ப் ஒரு மின்னு மின்னி அடங்கி, சிவப்பு விளக்கு வந்தால் பிழைத்தது. பல்ப் முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே பவர் போர்டில் பிரிட்ஜ் என்கிற பாகமோ மாஸ்ஃபெட் என்கிற பாகமோ ஷார்ட், அதற்கு மேல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். பல்ப் எரியவே இல்லை என்றாலும் அதேதான்.

கேள்வி: ரிமோட் வேலை செய்யவில்லை. பேட்டரி புதுசு. ரிமோட்டா, டிவியா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: செல்போன் கேமராவைத் திறந்து அதன் முன் ரிமோட்டின் மூக்கைக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். கேமராவில் ஊதா நிறமாக மினுக்கினால் ரிமோட் நல்லது, டிவியின் சென்சாரைப் பாருங்கள். பின் கேமராவில் தெரியவில்லையென்றால் முன் கேமராவில் பாருங்கள், சில போன்களில் அதில்தான் தெரியும். புளூடூத் ரிமோட் என்றால் பல பட்டன்களுக்கு இது பொருந்தாது.

கேள்வி: பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது டிவியையும் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தோம். மறுநாளிலிருந்து வலது பக்கம் மேலிருந்து கீழாக நான்கு கோடுகள், ஒன்று பச்சை. டிவி மெனுவுக்கு மேலேயும் கோடு தெரிகிறது.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மெனுவையும் பார்த்துச் சொன்னதற்கு நன்றி, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். மெனு என்பது டிவியே தயாரிக்கிற படம். அதில் கோடு இல்லாமல் நிகழ்ச்சியில் மட்டும் இருந்தால் கேபிளோ செட்டாப் பாக்ஸோ காரணம். இரண்டிலும் இருந்தால் பேனல் பக்கம்.

திரையில் அடித்த தண்ணீர் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கியிருக்கிறது. அங்கேதான் பல செட்டில் அந்தப் பழுப்பு ஃபிலிம்கள் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றிலும் முடியைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான இணைப்புகள். அது ஈயம் வைத்துப் பற்றவைத்தது இல்லை, சூடும் அழுத்தமும் கொடுத்து இயந்திரத்தில் ஒட்டியது. ஈரம் உள்ளே போனால் அந்த ஒட்டு அரிக்கும். இரண்டு மூன்று நாள் போடாமல் காற்றாட வைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், சிலருக்குச் சரியாகியிருக்கிறது. சரியாகவில்லையென்றால் கோட்டுக்கு நேர் கீழே சட்டத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள், கோடு மறைந்து மறைந்து வந்தால் ஒட்டு விட்டுப்போனது உறுதி. அந்த இடத்தில் ரப்பர் துண்டைச் செருகிக் கொடுத்துப் பணம் வாங்குகிறார்கள், அது சில வாரம் தாங்கினால் பெரிது. உங்கள் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் பேனல் என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. கோடு நான்கோடு நின்றால் பார்த்துக்கொண்டிருங்கள், செலவழிக்காதீர்கள்.

கேள்வி: முகமெல்லாம் பழைய ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி தெரிகிறது. சில நேரம் திரையே வெளுத்துவிடுகிறது. கடலுக்குப் பக்கத்து வீடு.
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: டீகான் போர்டையும் அதற்குப் போகிற கேபிளையும் சந்தேகப்படுங்கள். மதர்போர்டிலிருந்து வரும் படத்தைப் பேனலுக்குப் புரிகிற மாதிரி பிரித்துக் கொடுக்கிற சின்னப் போர்டு அது. உப்புக் காற்றில் பட்டையான ரிப்பன் கேபிளின் முனை கறுத்துப்போவது உங்கள் ஊரில் சகஜம். பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர் விஷயத்தில் மேலே சொன்ன எச்சரிக்கையோடு, கேபிளின் பூட்டை நகத்தால் நிமிர்த்திக் கழற்றி, முனையைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு நேராகச் செருகுங்கள். நம்பமாட்டீர்கள், இதிலேயே சரியான செட்டுகள் உண்டு. சரியாகாவிட்டால் அந்த போர்டை மாற்றலாம், தனி போர்டாக இருந்தால். புதிய செட்டுகள் பலவற்றில் அது மதர்போர்டோடு அல்லது பேனலோடு சேர்ந்தே வருகிறது.

கேள்வி: ஸ்மார்ட் டிவி, லோகோ வந்து அப்படியே நிற்கிறது.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பத்து நிமிஷம் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், பென் டிரைவ், எச்டிஎம்ஐ எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். நகரவில்லையென்றால் உங்கள் மாடலுக்கான ரீசெட் முறையைக் கம்பெனி கையேட்டில் பாருங்கள். சாஃப்ட்வேரை பென் டிரைவில் ஏற்றுவதென்றால் மாடல் எண் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். வேறு மாடலுடையதை ஏற்றி, தலைகீழாகப் படம் வருகிற டிவியை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: டிவி போய்விட்டதென்று திறந்தால் போர்டில் பல்லி கருகிக் கிடந்தது. இது இரண்டாவது முறை!
– ஒரு வாசகி, சிவகங்கை

பதில்: ஸ்டாண்ட்பையில் விட்ட டிவி பல்லிக்கு இதமான வீடு. சூடு இருக்கிறது, பூச்சியும் வருகிறது. இருந்தாற்போல் பவர் போர்டில் இரண்டு காலுக்கு நடுவே உட்கார்ந்தால் அதுவும் போச்சு, டிவியும் போச்சு. கருகியதை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, அதன் கறை கரன்டைக் கடத்தும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்த பிறகுதான் ஃபியூஸ், எம்ஓவி, மாஸ்ஃபெட் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். மூடியில் காற்றுப் போகிற ஓட்டைகளுக்கு உள்பக்கமாக மெல்லிய நைலான் கொசுவலையை ஒட்டுங்கள். இரும்பு வலை வேண்டாம், கழன்று போர்டில் விழுந்தால் பல்லியே தேவலை என்றாகிவிடும். ஓட்டைகளை டேப் போட்டு அடைக்காதீர்கள், சூடு வெளியேற வழியில்லாமல் போகும். ராத்திரி ரிமோட்டில் அணைப்பதோடு விடாமல் ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள், சூடு இல்லாத பெட்டியில் அது அதிக நாள் தங்காது. அப்புறம், மறுபடி திறக்கும்போது மூலையில் வெள்ளையாக இரண்டு முட்டை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.